ஒரே ஓர் இழை, அதில் என்ன சாயம்? தடயவியல் சாயப் பகுப்பாய்வு, படிப்படியாக

தடயவியல் ஆய்வகத்துக்கு வரும் துணி இழை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளந்தான் இருக்கும். தடிமன் 10 முதல் 30 மைக்ரான். அதிலுள்ள சாயத்தை நானோகிராம் கணக்கில்தான் சொல்ல முடியும். இவ்வளவு சிறிய பொருளைக் கையில் வைத்திருக்கும்போது எந்தச் சோதனையை எதற்கு முன் செய்கிறோம் என்பது முக்கியம். பிரிடின் என்னும் கரைப்பானில் போட்டுச் சூடாக்கிச் சாயம் போன இழையிலிருந்து பிறகு நிறமாலை எடுக்க வழியில்லை. அதனால் வரிசை இதுதான்: முதலில் நுண்ணோக்கி, அடுத்து ஒளிர்வு, அடுத்து நிறமாலை, கடைசியில்தான் கரைப்பான்.

இந்த விளக்கம் தடய அறிவியல் அல்லது வேதியியல் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு. வழக்குச் சான்றைத் தொடுவதற்கு முன் வீட்டுத் துணிகளில் பழகுங்கள். ஐந்து துணிகள் போதும்: சிவப்பு பாலியஸ்டர் துப்பட்டா, சிவப்புப் பருத்தி பனியன், நீல ஜீன்ஸ், அக்ரிலிக் ஸ்வெட்டர், கம்பளிச் சால்வை. கம்பளி என்று விற்கப்படும் சால்வை அக்ரிலிக்காகவும் இருக்கலாம். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகிக் கடினமான கருப்பு உருண்டையாக நின்றால் அக்ரிலிக்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: இழை எதுவோ, சாயமும் அதற்கேற்றதே

சாயம் இழையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் அதை எப்படி வெளியே எடுப்பது என்பது தெரியும்.

பாலியஸ்டரில் இருப்பது டிஸ்பர்ஸ் சாயம். நீரில் கரையாத சிறு மூலக்கூறுகள், 130 டிகிரி செல்சியஸ் அளவில் இழைக்குள் ஊடுருவி அங்கேயே தங்கிவிடுகின்றன. வேதிப்பிணைப்பு இல்லாததால் சூடான கரிமக் கரைப்பான் அவற்றை வெளியே இழுத்துவிடும். கம்பளி, பட்டு, நைலான் மூன்றிலும் பெரும்பாலும் ஆசிட் சாயம், அயனிப் பிணைப்பு. அக்ரிலிக்கில் பேசிக் சாயம். அதுவும் அயனிப் பிணைப்புதான், மின்சுமை மட்டும் எதிர்.

பருத்திதான் தொல்லை கொடுக்கும். டைரக்ட், ரியாக்டிவ், வேட், சல்ஃபர் என்று எதுவும் இருக்கலாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்திப் பின்னலாடைக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். அது செல்லுலோஸோடு சகப்பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. துவைத்தால் போகாத அந்த உறுதிதான் பனியன் வாங்குபவருக்கு நன்மை, நமக்குச் சிக்கல். எந்தச் சாதாரணக் கரைப்பானும் அதை வெளியே எடுக்காது.

இன்னொரு வகையும் உண்டு. பாலிபுரொப்பிலீன் போன்ற இழைகளில் நூற்கும் முன்பே உருகிய பிளாஸ்டிக்கில் நிறமிப் பொடியைக் கலந்துவிடுவார்கள். நுண்ணோக்கியில் இழை முழுக்கச் சிறு நிறத் துகள்கள் தெரிந்தால் கரைத்தெடுக்கும் முயற்சியையே விட்டுவிடுங்கள்.

படி 1: இழையை எடுத்தல்

சந்தேகத்துக்குரிய ஆடையின் மேற்பரப்பை ஒளிபுகும் ஒட்டும் டேப்பால் பகுதி பகுதியாக ஒற்றி எடுத்து, அந்த டேப்பைச் சுத்தமான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டுங்கள். வலது தோள், இடது கை என்று எந்த இடம் என்பதை அதன்மேல் எழுதுங்கள். ஒரே டேப்பால் திரும்பத் திரும்ப ஒற்றினால் ஒட்டும் திறன் போய், எடுத்த இழையும் உதிரும்.

அணிந்திருக்கும் ஆடையில் ஒட்டிய அந்நிய இழைகளில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும். 1970-களில் பிரிட்டனில் பவுண்ட்ஸ், ஸ்மால்டன் ஆகியோர் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஆடையைத் தாமதமாகக் கைப்பற்றினால் இழை கிடைக்காதது இயல்பு. அதை வைத்துத் தொடர்பே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

ஒப்பீட்டு ஆடையிலிருந்து, அதாவது கண்டெடுத்த இழை எதிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறோமோ அந்த ஆடையிலிருந்து, மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். வெயில் பட்ட தோள், வியர்வை பட்ட அக்குள், கழுத்துப்பட்டி, மடித்துத் தைத்த உள்தையல் நான்கிலும் எடுங்கள். ஒரே சட்டையில் உள்தையல் இழை அடர் சிவப்பாகவும் தோள் இழை வெளுத்த ஆரஞ்சாகவும் இருக்கும். உள்தையலை மட்டும் எடுத்துவைத்தவர், தோளிலிருந்து உதிர்ந்த இழையைப் பார்த்துப் பொருந்தவில்லை என்று தவறாக முடிவு செய்வார்.

சந்தேக நபரின் ஆடையையும் பாதிக்கப்பட்டவரின் ஆடையையும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே மேலங்கியோடு கையாளவே கூடாது. இந்தத் தவறு நடந்துவிட்டால் பின்னால் எவ்வளவு நுட்பமான கருவி வைத்திருந்தாலும் பயனில்லை.

படி 2: ஸ்லைடில் பொருத்துதல்

டேப்பில் இழையைச் சுற்றி மூன்று பக்கம் கத்தியால் கீறி, மடலைத் தூக்கி, ஒரு சொட்டு சைலீன் விட்டால் பசை இளகும். நுண்ணிய இடுக்கியால் இழையை எடுத்துச் சுத்தமான சைலீனில் ஒருமுறை அலசுங்கள். பசை மிச்சமிருந்தால் ஒளிர்வுச் சோதனையில் அதுவும் ஒளிர்ந்து குழப்பும். இங்கே அசிட்டோன் வேண்டாம். கையிலிருப்பது அசிட்டேட் இழையாக இருந்தால் கரைந்து காணாமலே போய்விடும்.

புற ஊதா நிறமாலையும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் குவார்ட்ஸ் ஸ்லைடும் குவார்ட்ஸ் கவர் ஸ்லிப்பும் தேவை, ஊடகமாகக் கிளிசரின். சாதாரணக் கண்ணாடி 350 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும். காட்சிப் பகுதி மட்டும் போதும் என்றால் கண்ணாடி ஸ்லைடும் 1.5 அளவில் ஒளிவிலகல் எண் கொண்ட நிரந்தர ஊடகமும் சரி. கண்டெடுத்த இழைக்கும் ஒப்பீட்டு இழைக்கும் ஒரே ஊடகம், ஒரே வகை ஸ்லைடு, ஒரே திசை. மூன்றில் எது மாறினாலும் பிறகு தெரியும் வேறுபாடு சாயத்தாலா ஸ்லைடாலா என்று சொல்ல முடியாது.

படி 3: நுண்ணோக்கி

ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரண்டு இழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் விளக்கு சமநிலை: ஒரே இழையின் இரு துண்டுகளை இரு பக்கமும் வைத்து, நிறமும் பிரகாசமும் ஒன்றாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் ஒரு பக்க விளக்கின் மஞ்சள் சாயலைச் சாயத்தின் வேறுபாடு என்று எழுதிவிடுவீர்கள்.

இழையின் வகை இங்கேயே தெரிந்துவிடும். முறுக்கிய நாடா வடிவம் பருத்தி. செதில்கள் இருந்தால் கம்பளி அல்லது வேறு விலங்கு முடி. செயற்கை இழைகளுக்குக் குறுக்கிட்ட போலரைசர்கள் உதவும்: பாலியஸ்டரின் இரட்டை விலகல் (இழையின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் உள்ள ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு) மிக அதிகம், 0.17-ஐ ஒட்டி, நைலான் 0.06 அளவு, அக்ரிலிக் மிகக் குறைவு, குறியும் எதிர். உறுதி செய்ய அகச்சிவப்பு நிறமாலை எடுக்கலாம்.

அடுத்து ஒளிர்வு. 365 நானோமீட்டர் புற ஊதாவில் ஒருமுறை, 450–490 நீல ஒளியில் ஒருமுறை. வெள்ளொளியில் ஒன்றுபோல் தெரிந்த இரு சிவப்பு இழைகளில் ஒன்று நீல ஒளியில் ஆரஞ்சாக ஒளிர்ந்து மற்றது இருட்டாக நின்றால், சாயம் வேறு என்று பொருள் கொள்ளலாம். ஆனால் 365-இல் தெரியும் வெளிர்நீல ஒளிர்வை நம்பி முடிவெடுக்காதீர்கள். துணி வெளுப்பாகத் தெரிய சோப்புத்தூளில் சேர்க்கும் ஒளிர்பொருளும் அதே நீலத்தில்தான் ஒளிரும். சம்பவத்துக்குப் பிறகு துவைத்த ஆடை, துவைக்காத தன் சொந்த இழையோடுகூடப் பொருந்தாமல் போகலாம்.

படி 4: நிறமாலை

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெவ்வேறு சாயக் கலவைகளாக இருப்பது மிகச் சாதாரணம். ஒரே கருநீலத்தை இரண்டு பட்டறைகள் வெவ்வேறு மூன்று சாயங்களைக் கலந்து எடுப்பார்கள். இதைப் பிரித்துக் காட்டுவது நுண் நிறமாலைமானி, ஆய்வகத்தில் எம்.எஸ்.பி. என்பார்கள்.

1. விளக்கை ஏற்றி 30 நிமிடம் விடுங்கள். சூடேறாத விளக்கில் அடித்தளக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

2. ஹோல்மியம் ஆக்சைடு வடிப்பானை வைத்து அலைநீளத்தைச் சரிபாருங்கள். 418, 453, 536, 638 நானோமீட்டருக்கு அருகே முகடுகள் வர வேண்டும். ஓரிரு நானோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தால் அன்று அளக்க வேண்டாம்.

3. ஒளியை மூடி இருள் அளவீடு. பிறகு இழைக்குப் பக்கத்தில், வெறும் ஊடகம் இருக்கும் இடத்தில் வெற்று அளவீடு. தூசியோ குமிழியோ இருக்கும் இடத்தில் வெற்று எடுத்தால் அடுத்து வரும் எல்லா அளவீட்டிலும் அந்தப் பிழை ஏறிவிடும்.

4. 40 மடங்குப் பொருளருகு வில்லை போதும். அளக்கும் துளை முழுக்க இழைக்குள் அடங்க வேண்டும். ஓரத்தில் வெள்ளொளி கசிந்தால் முகடுகள் தட்டையாகும். பளபளப்பைக் குறைக்கப் போடும் டைட்டானியம் டைஆக்சைடு துகள்களையும் தவிர்த்து இடம் தேர்ந்தெடுங்கள்.

5. செயற்கை இழையானால் குறைந்தது 5 இடங்கள், பருத்தி, கம்பளியானால் குறைந்தது 10 இடங்கள். பருத்தியில் ஓர் இழை சாயத்தை நன்றாகக் குடித்திருக்கும், பக்கத்து இழை குடித்திருக்காது. ஒப்பீட்டு ஆடையிலிருந்து பல இழைகள் எடுத்து அந்த ஏற்றத்தாழ்வின் எல்லையை முதலில் அறியுங்கள்.

உட்கவர்வு, அதாவது இழை ஒளியை விழுங்கும் அளவு, 0.1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் வளைகோடு நம்பகமானது. கருப்பு, கருநீல இழைகளில் இது மேலே போய் முகடு தட்டையாகத் தெரியும். அங்கே இழையின் மெல்லிய பகுதியைத் தேடி அளக்க வேண்டும். திசையையும் மறக்காதீர்கள். சாய மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் அடுக்கியிருப்பதால், இழையைத் திருப்பி வைத்தால் நிறமாலையின் வடிவமே மாறக்கூடும்.

ஒப்பிடும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். அது தடிமனையும் சாய அடர்வையும் பொறுத்தது. முகடு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், பக்கவாட்டில் சிறு புடைப்பு உண்டா, எங்கே சரிகிறது என்பவைதான் கேள்விகள். வடிவமில்லாத வளைகோடுகளுக்கு முதல் வகைக்கெழு எடுத்துப் பார்த்தால் மறைந்திருந்த புடைப்புகள் தெரியும். கண்டெடுத்த இழையின் கோடு ஒப்பீட்டு இழைகளின் எல்லைக்குள் அடங்காமல், அதற்கு வெயிலோ துவைப்போ காரணம் சொல்லவும் முடியாவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஆடை மூலம் அல்ல. கரைப்பானுக்குப் போகத் தேவையே இல்லை.

படி 5: சாயத்தை வெளியே எடுத்தல்

இங்கிருந்து இழை அழியும். புகைப்படம், நிறமாலை, குறிப்பு எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முழு இழையையும் போடாதீர்கள். முடிந்தால் பாதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடர்நிற இழை 2–3 மில்லிமீட்டர் போதும். வெளிர்நிறத்துக்கு 10 மில்லிமீட்டர்கூடப் போதாமல் போகலாம். அப்படியானால் நிறமாலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

உருகுநிலை பார்க்கும் கண்ணாடி நுண்குழாயின் ஒரு முனையைச் சுடரில் மூடி, இழையை மெல்லிய கம்பியால் அடிவரை தள்ளுங்கள். 10 மைக்ரோலிட்டர் கரைப்பான் விடுங்கள். 1 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் அது ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். இழை முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். மறுமுனையை மூடும்போது திரவத்துக்கும் சுடருக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இந்தக் கரைப்பான்களில் பெரும்பாலானவை தீப்பிடிப்பவை. கரைப்பான் பாட்டில் சுடருக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

கம்பளி, பட்டு, நைலான், டைரக்ட் சாயப் பருத்தி: பிரிடின், நீர் 4:3, 100 டிகிரியில் 20 நிமிடம்.

அக்ரிலிக்: ஃபார்மிக் அமிலம், நீர் 1:1, அதே வெப்பம், அதே நேரம்.

பாலியஸ்டர்: குளோரோபென்சீன்; 130 டிகிரியில் 15–20 நிமிடம்.

வேலை முழுக்கப் புகை வெளியேற்றும் பெட்டிக்குள், அந்தந்தக் கரைப்பானைத் தாங்கும் கையுறையோடு. பிரிடினின் நாற்றம் வெளியே வந்தால் பெட்டி சரியாக இழுக்கவில்லை என்று பொருள். ஃபார்மிக் அமிலம் தோலைச் சுடும்.

கூடவே இழை போடாத வெறும் கரைப்பான் குழாய் ஒன்றும், ஒப்பீட்டு ஆடையின் இழை அதே நீளத்தில் போட்ட குழாய் ஒன்றும் ஒரே நேரத்தில் சூடாக வேண்டும். ஆறிய பிறகு இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: திரவத்தின் நிறம் என்ன, இழை வெளுத்ததா. இழை நிறம் மாறாமல் திரவமும் தெளிவாகவே நின்றால் அதுவும் ஒரு முடிவு. பருத்தியில் அப்படி நடந்தால் ரியாக்டிவ், வேட், சல்ஃபர் மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

பருத்தி அடம் பிடித்தால்

பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் டைதயோனைட் இங்கே கைகொடுக்கும். பயிற்சிக்கு: 10 மில்லி நீரில் 0.2 கிராம் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு), 0.3 கிராம் ஹைட்ரோஸ். அப்போதே கரைத்து அப்போதே பயன்படுத்துங்கள். காற்றுபட்டால் விரைவில் வலுவிழந்துவிடும். ஜீன்ஸ் நூலையும் பனியன் நூலையும் தனித்தனிக் குழாயில் போட்டு 60 டிகிரியில் வையுங்கள். ஜீன்ஸின் இண்டிகோ கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிக் கரையத் தொடங்கும். நூலை எடுத்து வடிதாளில் விரித்தால் காற்றுபட்டு விளிம்பிலிருந்து நீலம் திரும்பும். பனியன் நூலிலுள்ள ரியாக்டிவ் சாயம் அசோ வகையாக இருந்தால் நிறம் போனது போனதுதான். அசோ பிணைப்பே உடைந்துவிட்டதால் காற்றில் எவ்வளவு நேரம் வைத்தாலும் திரும்பாது. சல்ஃபர் சாயமும் நிறம் திரும்பும் இனம். அதை ஸ்டானஸ் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு லெட் அசிட்டேட் தாளைக் கருப்பாக்கும்.

ரியாக்டிவ் சாயத்தைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சாயத்தை இழுக்காமல் பருத்தியையே கரைக்க வேண்டும். இழையை 3 மோலார் காஸ்டிக்கில் ஐஸ் குளிர்ச்சியில் சில மணி நேரம் ஊறவைத்து, நடுநிலையாக்கி, பி.எச். 5 தாங்கல் கரைசலில் செல்லுலேஸ் நொதியோடு 45–50 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். சிறு சர்க்கரைத் துண்டோடு ஒட்டிய சாயம் கரைசலுக்கு வரும். பொறுமை வேண்டிய வேலை. அடுத்த படியில் வரும் டி.எல்.சி.க்கான (சாற்றிலுள்ள சாயங்களைத் தகட்டில் ஓடவிட்டுத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மென்படல நிறப்பிரிகை) வழிகாட்டி, அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் ஈ2227, தன் தலைப்பிலேயே 'ரியாக்டிவ் அல்லாத சாயங்கள்' என்று எல்லை வகுத்துக்கொண்டதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

படி 6: டி.எல்.சி.

சிலிக்கா ஜெல் 60 தகடு, 5×10 சென்டிமீட்டர். அடியிலிருந்து 1 சென்டிமீட்டரில் பென்சிலால் கோடு. பேனா வேண்டாம், மையும் சாயந்தான், அதுவும் சேர்ந்து ஓடும். மெல்லிய நுண்குழாயால் சாற்றைத் துளித்துளியாக ஒரே புள்ளியில் வைத்து, ஒவ்வொரு துளிக்குப் பின்னும் வெதுவெதுப்பான காற்றில் உலர்த்துங்கள். புள்ளி 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய புள்ளி ஓடும்போது மங்கிய பட்டையாக இழுத்துக்கொண்டு போகும். கண்டெடுத்தது, ஒப்பீடு, வெற்று மூன்றும் ஒரே தகட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நேற்றைய தகட்டோடு இன்றையதை ஒப்பிடக் கூடாது. ஈரப்பதம் மாறினாலே ஓட்டம் மாறும். ஆடி மாதக் காற்றில் ஓடியதுபோல் ஐப்பசி மழையில் ஓடாது.

ஓடவிடும் கரைப்பானுக்கு இவற்றில் தொடங்குங்கள். ஆசிட், டைரக்ட் சாயம்: பியூட்டனால், அசிட்டோன், நீர், அம்மோனியா 5:5:1:2. பேசிக்: குளோரோஃபார்ம், பியூட்டனோன், அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் 8:6:1:1. டிஸ்பர்ஸ்: தொலுயீன், அசிட்டோன் 20:1. எல்லா நிறமும் கோட்டிலேயே நின்றாலோ கரைப்பானின் முன்விளிம்போடு ஓடிவிட்டாலோ கலவையை மாற்றுங்கள். இந்தத் தேர்வை ஒப்பீட்டு ஆடையின் இழையில் செய்து முடித்த பிறகே கண்டெடுத்த இழையின் சாற்றைத் தொட வேண்டும்.

தொட்டிக்குள் வடிதாள் வைத்து 15–30 நிமிடம் ஆவி நிரம்ப விடுங்கள். தகட்டை வைத்து 3–4 சென்டிமீட்டர் ஓடினால் போதும். இவ்வளவு குறைந்த சாயத்தை நீண்ட தூரம் ஓடவிட்டால் பட்டைகள் விரிந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். எடுத்தவுடன் முன்விளிம்பைக் குறித்து, வெள்ளொளியிலும் 365-இலும் படமெடுங்கள். சில நிறங்கள் உலரும்போதே மங்கும்.

பெரிய ஆய்வகங்களில் இந்தச் சாற்றையே எச்.பி.எல்.சி. (உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகை) வழியாக நிறை நிறமாலைமானிக்கு அனுப்பி, மூலக்கூறு நிறையோடு சாயத்தை அடையாளம் காண்கிறார்கள். பிரித்தெடுக்கும் படி ஒன்றேதான். சாற்றைச் சரியாக எடுக்காவிட்டால் அந்தக் கருவியும் எதையும் காட்டாது.

படி 7: முடிவை எழுதுதல்

பொருந்தவில்லை என்பது வலுவான முடிவு. பொருந்துகிறது என்பதன் வலு, அந்தச் சாயமும் இழையும் எவ்வளவு அரிது என்பதைப் பொறுத்தது. நீல ஜீன்ஸ் இழையைப் பல ஆய்வகங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது இல்லாத இடமே இல்லை. கருப்புப் பனியனும் கிட்டத்தட்ட அப்படித்தான். ரியாக்டிவ் பிளாக் 5 என்ற ஒரே சாயம் உலகம் முழுக்கக் கருப்புப் பருத்திக்கு மிகப் பரவலாகப் போடப்படுகிறது.

மறுமுனையில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த வெய்ன் வில்லியம்ஸ் கொலை வழக்கு, தீர்ப்பு 1982-இல். இறந்தவர்கள் மேல் கிடைத்த மஞ்சள்பச்சை நைலான் இழைக்கு, வில்லியம்ஸ் வீட்டுத் தரைவிரிப்பின் இழையைப் போலவே, விசித்திரமான மூன்று மடல் வெட்டுமுகம் இருந்தது. அது வெல்மேன் நிறுவனத்தின் இழை என்றும், அந்தப் பச்சையில் 1970–71-இல் விற்ற தரைவிரிப்பு 16,397 சதுர கெஜந்தான் என்றும் தேடிக் கண்டுபிடித்தார்கள். வடிவம், நிறம், உற்பத்திக் கணக்கு மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தச் சான்று நீதிமன்றத்தில் எடுபட்டது. சாயம் மட்டும் தனியாக அவ்வளவு பேசியிருக்காது.

எனவே அறிக்கையில் 'இந்த இழை இந்தத் துப்பட்டாவிலிருந்து வந்தது' என்று எழுதாதீர்கள். 'இழை வகை, ஒளிர்வு, நிறமாலை, சாயக் கூறுகள் ஆகியவற்றில் இரண்டையும் வேறுபடுத்த இயலவில்லை. கண்டெடுத்த இழை அந்தத் துப்பட்டாவிலிருந்தோ, அதேபோல் தயாரித்துச் சாயமிட்ட வேறொரு துணியிலிருந்தோ வந்திருக்கலாம்' என்பதே சோதனை தாங்கும் வாசகம். எந்தச் சோதனை செய்யவில்லை, ஏன் என்பதையும் எழுதுங்கள். பாரதிய சாட்சிய அதிநியமம் 39-ஆம் பிரிவின்கீழ், முன்பு சாட்சியச் சட்டம் 45, நிபுணர் கருத்தாகக் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான்.

மிச்சமிருக்கும் இழைத் துண்டு, ஸ்லைடு, டேப் மூன்றையும் முத்திரையிட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். டி.எல்.சி. தகடு நிறம் இழக்கும் என்பதால் நிற அளவுகோலோடு எடுத்த படமே நிரந்தரப் பதிவு. மறு ஆய்வு கேட்டால் மற்றோர் ஆய்வாளர் அந்தப் பாதி இழையை வைத்து எல்லாப் படிகளையும் முதலிலிருந்து செய்ய முடிய வேண்டும்.